மனந்திரும்ப ஒன்றுமில்லாதவள்

எங்க வீட்டுக்காரவிய இல்லியே தங்கச்சி. உள்ள வாங்க, வெயில்ல நிக்காதிய. பக்கத்து ஊர்ல ஒருத்தன் குடிச்சுக் குடிச்சு ரத்தமா வாந்தி எடுத்துக் கிடக்கானாம். அவன் பக்கத்துல இருந்து ஜெபம் பண்ணப் போயிருக்காவ. வந்துருவாவ. பத்திரிகைல இருந்து ஒரு பிள்ள வரும்னு சொல்லிட்டுத்தான் போனாவ. அவிய சாட்சியை, குடியை விட்டு ஆண்டவர் பக்கம் வந்த கதையை, எழுதத்தானே வந்திருக்கிய? உக்காருங்க. ஃபேன் சத்தம் போடும், ஆனா காத்து வரும்.

என்ன? என் சாட்சியா?

என்கிட்டயா கேக்கிய? அவியதான் சொன்னாவளா? "என் வீட்டுக்காரியைக் கேளுங்க, அவ சரின்னு சொல்லாம ஒரு வரி எழுதாதிய"ன்னா? எப்ப சொன்னாவ, போன்லயா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.

ரெண்டு வருசமா இந்த வீட்டுக்கு எத்தனை பேரு வந்திருக்காவ தெரியுமா. எல்லாரும் நான் போட்ட டீயைக் குடிச்சிட்டு, "டீச்சர், அண்ணன் எப்ப வருவாவ"ன்னுதான் கேப்பாவ. உனக்கு என்ன நடந்துச்சுன்னு ஒருத்தர் கேட்டதில்ல. நீங்கதான் முதல்.

அந்தப் பேனாவை மூடி வைங்க. முதல்ல கேளுங்க. எழுதணுமா வேண்டாமான்னு பொறவு பாப்போம்.

என் பேரு சுகிர்தம். ஊர்ல டீச்சர்ம்பாவ. பள்ளிக்கூடத்து டீச்சர் இல்ல, சண்டே ஸ்கூல் டீச்சர். இருபத்தாறு வருசமா. பள்ளிக்கூடத்துல நான் சத்துணவு அமைப்பாளர், அது வேற. எங்க கோயில்ல பெண்கள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பாட்டுக் குழுவுலயும் உண்டு. கோயில் மணி அடிக்குததுக்கு முன்னால போயி பாய் விரிச்சுப் போடுததும் நான்தான். பெருமைக்குச் சொல்லல. யாரு வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

அவிய பேரு தேவஇரக்கம். உங்களுக்குத் தெரியுமே. வெல்டிங் பட்டறை. கல்யாணம் முடிஞ்சு ஏழு வருசம் நல்லாத்தான் இருந்தாவ. பொறவு குடி. பத்தொம்பது வருசம் குடி. எல்லாரும் குடிக்குத மாதிரி இல்ல தங்கச்சி. காலையில பல்லு விளக்குததுக்கு முன்னால குடி. அந்தப் பத்தொம்பது வருசமும் வெள்ளிக்கிழமை நான் பச்சத் தண்ணி குடிச்சதில்ல. உபவாசம். ஒரு வெள்ளி தவறினதில்ல. மகளுக்குப் பேறுகாலம்னு ஆஸ்பத்திரில நின்ன அன்னைக்குக் கூட.

ஒரு தடவை என் இடது கையைப் பிடிச்சு முறுக்கினாவ. எலும்பு உடைஞ்சு போச்சு. "கிணத்தடியில வழுக்கிட்டு"ன்னு ஊருக்குச் சொன்னேன். எங்க அம்மைக்குக் கூட அதைத்தான் சொன்னேன். சாகுற வரைக்கும் அவ கிணத்தடியில பாசியைத் தேய்ச்சுக் கழுவச் சொல்லிக்கிட்டே இருந்தா. மக ஜெனிட்டாவுக்கு நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டுக்காரவிய வந்த அன்னைக்கு இவிய வேட்டி இல்லாம வீட்டு முற்றத்துல கிடந்தாவ. அதையும் நான்தான் மறைச்சேன். காய்ச்சல்ல பிதற்றுதாவன்னு சொல்லி, போர்வையைப் போட்டு மூடினேன். நான் எதுக்குச் சொல்லுதேன்னா, எனக்கு ஒரு மானம் இருந்துச்சு. அதைக் கிழியாம வச்சிருந்தேன்.

சரி, கன்வென்ஷனுக்கு வாரேன்.

எங்க ஊர்ல வருசா வருசம் மூணு நாள் பந்தல் போட்டுக் கூட்டம் நடக்கும். ரெண்டு வருசத்துக்கு முந்தி, மூணாவது நாள் மத்தியானக் கூட்டம். பந்தல்ல ஒரு இரும்புக் கால் சாஞ்சு போச்சுன்னு இவியளை வெல்டிங் பண்ணக் கூப்பிட்டிருக்காவ. வந்தவிய வேலையை முடிச்சிட்டு, வெயிலுக்குப் பயந்து பந்தலுக்குள்ளயே ஓரமா உக்காந்திருக்காவ. ஏற்கெனவே குடிச்சிட்டுத்தான் வந்திருந்தாவளாம். அப்ப நம்ம போதகர் ஐயா மனந்திரும்புதலைப் பத்திப் பேசியிருக்காவ. கடைசியில, "யாருக்குத் திரும்பணுமோ அவிய எந்திரிச்சு வாங்க"ன்னு கூப்பிட்டிருக்காவ. இவிய எந்திரிச்சுப் போயி முன்னால மணல்ல முகங்குப்புற விழுந்துட்டாவளாம். அரை மணி நேரம் எந்திரிக்கலியாம். கூட்டம் பூரா அழுதுச்சாம்.

"அழுதுச்சாம்"னு சொல்லுதேன் பாத்தியளா. நான் அங்க இல்ல.

நான் பந்தலுக்குப் பின்னால சோத்துக் குண்டானைக் கழுவிக்கிட்டு நின்னேன். ஆயிரம் பேருக்குச் சாப்பாடு, வேற யாரு கழுவுவா? டெய்சி அக்கா ஓடி வந்தா, எங்க சங்கத்துத் தலைவி. "சுகிர்தம், உன் வீட்டுக்காரர் இரட்சிக்கப்பட்டுட்டாரு!"ன்னா. கை பூரா சாம்பலும் புளியும். கழுவிட்டுப் போயிப் பாக்குததுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அவிய சட்டையில மணல் ஒட்டியிருக்கு. அஞ்சாறு பேரு கட்டிப் பிடிச்சிட்டு நிக்காவ. என்னை உள்ள விடல. தள்ளி நின்னுதான் பாத்தேன்.

பத்தொம்பது வருசம் கேட்டவ நான். ஆண்டவர் அதைக் குடுக்குத நேரம் பாத்து என்னைப் பாத்திரம் கழுவ வச்சிட்டாரு. சொல்லுங்க, இது நியாயமா?

சந்தோஷம் இல்லாம இல்ல. சந்தோஷம்தான். அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் வாங்கிக் குழம்பு வச்சேன். அவிய தட்டுக்கு முன்னால உக்காந்து கண்ணை மூடி ஜெபம் பண்ணினாவ. குழம்பு ஆறிப் போச்சு.

மறுநாள்ல இருந்து மன்னிப்புக் கேக்கப் புறப்பட்டாவ. அது ஒரு ஊர்வலம் மாதிரி தங்கச்சி. முதல்ல அவிய அண்ணன். ஒம்பது வருசமா பேச்சு வார்த்தை இல்ல. போயிக் காலைப் பிடிச்சாவ. பொறவு மேலத் தெரு வாட்ச்மேன். எப்பவோ பல்லை உடைச்சதுக்கு. பொறவு பட்டறையில வேலை பாத்து ஓடிப் போனவன். கோயில் உபதேசியார். சலூன்காரர். ஒரு நாளைக்கு ரெண்டு வீடு, மூணு வீடு. போற வீட்டுல எல்லாம் அழுகை, ஜெபம், காப்பி.

நான் காத்திருந்தேன்.

கடைசியா நம்மகிட்ட வருவாவன்னு நினைச்சேன். பெருசைக் கடைசியாத்தானே வைப்பாவ? என்ன பதில் சொல்லணும்னு கூட யோசிச்சு வச்சேன். உடனே சரின்னு சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஆண்டவர் என்னை மன்னிச்ச மாதிரி நானும் உங்களை மன்னிக்கேன்"னு சொல்லணும். ஒரு வாரமா வீட்டுல நல்ல சேலையாக் கட்டினேன்னா பாத்துக்கிடுங்க. டெய்சி அக்கா, "என்ன சுகிர்தம், எங்கயும் விசேஷமா"ன்னு கேட்டா.

வரல. ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசம் ஆச்சு. வீட்டுக்கு வருவாவ, தலையைக் குனிஞ்சு சாப்பிடுவாவ, தட்டைக் கழுவி வைப்பாவ. ஆமா, தட்டைக் கழுவ ஆரம்பிச்சாவ. என் முகத்தை மட்டும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாவ.

அப்பதான் ஒரு ஞாயித்துக்கிழமை கோயில்ல சாட்சி சொல்லச் சொன்னாவ. நான் முன் வரிசையில உக்காந்திருக்கேன். மைக்கைப் பிடிச்சிட்டு, "என் மனைவி கையை நான்தான் முறுக்கி உடைச்சேன். கிணத்தடியில விழுந்ததா அவ உங்ககிட்டச் சொன்னா"ன்னாவ. வேட்டி இல்லாம கிடந்ததையும் சொன்னாவ. ஒண்ணு விடாம எல்லாம். சபை பூரா என்னைத் திரும்பிப் பாக்கு. பாத்துட்டு, யாருக்காக அழுதாவ தெரியுமா? அவியளுக்காக! கை உடைஞ்சது எனக்கு. கண்ணீர் அவியளுக்கு. ஆராதனை முடிஞ்சு வெளிய வரும்போது டெய்சி அக்கா என் கையைப் பிடிச்சு, அந்த உடைஞ்ச கையைத்தான், "குடுத்து வச்சவ நீ"ன்னா.

அதுல இருந்து ஊர் ஊராக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாவ. வேன் வரும். பொன்னாடை போடுவாவ. எனக்கு இருபத்தஞ்சு வருச ஊழியத்துக்கு ஒரு எவர்சில்வர் தட்டு குடுத்தாவ, அதுல பேரையும் தப்பா வெட்டியிருந்தாவ. கோயமுத்தூர்ல இருக்க ஜெனிட்டா, அப்பாகிட்ட ஏழு வருசம் பேசாதவ, இப்ப போன் போட்டா முதல்ல என்ன கேக்கா? "அப்பா இருக்காவளா?" நான் எடுத்தா, "ம், சொல்லும்மா"ங்கா. அவிய எடுத்தா அரை மணி நேரம் சிரிப்பு. இந்த நடு ரூம்ல இருந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். அவளுக்குத் தலை பின்னினது யாரு, பரீட்சைக்கு எழுப்பி விட்டது யாரு!

பொறாமைன்னு நினைக்கிய. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நியாயம் கேக்குததுக்குப் பேரு பொறாமையா?

போதகர் ஐயாகிட்டயே போயிக் கேட்டேன். "ஐயா, மனந்திரும்புதல்னா என்ன? நான் எதுல இருந்து திரும்ப? நான் எந்தப் பக்கம் போனேன்? பொய் உண்டா, களவு உண்டா?"

அவிய நல்ல மனுசர். சின்ன வயசு, பொறுமையாச் சொல்லுவாவ. "அழுதாத்தான் மனந்திரும்புதல்னு இல்ல டீச்சர். அடிக்குப் பயந்து வருத்தப்படுததும் மனந்திரும்புதல் இல்ல. நான்தான் எனக்கு எசமான்னு போற போக்கை விட்டுட்டு, முகத்தை ஆண்டவர் பக்கம் திருப்புததுதான். அவர் பக்கம் திரும்புனவனை அவர் சேத்துக்கிடுவாரு. இரட்சிப்பு நாம பாத்த வேலைக்குக் கூலி இல்ல, அவர் சும்மா குடுக்குதது"ன்னாவ.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "சும்மாவா? அப்ப என் வெள்ளிக்கிழமை எல்லாம்?"னு கேட்டேன். "நான் பத்தொம்பது வருசமா வெயில்ல நடந்து வாரேன் ஐயா. அவிய ஒரு நாள் பஸ்ல ஏறி வந்து, எனக்கு முன்னால சீட் போட்டு உக்காந்துட்டாவ."

ஐயா கையில இருந்த வேதத்தை மூடி வச்சாவ. பொறவு, "அவிய வந்து சேந்ததுல உங்களுக்குச் சந்தோஷமா டீச்சர்?"னு கேட்டாவ. "சந்தோஷம்தான்"னேன். மறுபடியும் அதையே கேட்டாவ. சந்தோஷம்தான்னு எத்தனை தடவை சொல்ல? எனக்குக் கோவம் வந்துட்டு. குடையை எடுத்துட்டு வந்துட்டேன்.

இப்ப சொல்லப் போறதைத்தான் எழுதக் கூடாது.

அஞ்சு மாசத்துக்கு முந்தி. ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிட்டு, பஸ் ஏறித் தூத்துக்குடி போனேன். நம்மளைத் தெரியாத இடமாப் பாத்து இறங்கினேன். பிராந்திக் கடை பக்கத்துல போயி நின்னேன். முக்காட்டைப் போட்டுக்கிட்டேன். ஒரு ஆட்டோக்காரர் நின்னாரு. "அண்ணாச்சி, கால்ல தேய்க்க மருந்துக்கு வேணும், ஒண்ணு வாங்கித் தருவியளா"ன்னேன். எந்த பிராந்தின்னு பேரோட சொன்னேன். பத்தொம்பது வருசம் காலி பாட்டிலைப் பொறுக்கினவளுக்குப் பேரு தெரியாதா? வாங்கிட்டு வந்து குடுத்தாரு. கத்திரிக்காய்க்கு அடியில வச்சு மறைச்சுக் கொண்டு வந்தேன். பஸ்ல பக்கத்துல இருந்த அம்மா, "கோயில் டீச்சர் மாதிரி முகம் உங்களுக்கு"ன்னா. சத்தியமா சொன்னா.

பட்டறையில வெல்டிங் ராடு அடுக்குத பலகைக்குப் பின்னால ஒரு பொந்து இருக்கு. முன்னால அவிய ஒளிச்சு வைக்குத இடம். அங்க வச்சேன்.

கெடுக்கணும்னு இல்ல. சோதிச்சுப் பாக்கத்தான். மெய்யா மனந்திரும்புனவன்னா அசைய மாட்டான்லா? அப்படித்தான் அன்னைக்கு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா சாயங்காலம் அவிய வண்டி வந்து நிக்கும்போதெல்லாம் வாசல்ல போயி நின்னு மூக்கை உறிஞ்சிப் பாத்தேன். வாடை வரலைன்னதும் எனக்கு நிம்மதியா வரணும்? வரல. ஏமாந்த மாதிரி இருந்துச்சு. அதை நான் யாருகிட்ட சொல்ல?

விழுந்தாவன்னா அந்த வேன் வராது. பொன்னாடை வராது. ஜெனிட்டா என்கிட்டத்தான் பேசுவா. நான் மறுபடியும் வெள்ளிக்கிழமை உபவாசம் இருப்பேன். அது எனக்குத் தெரிஞ்ச வேலை. இப்படி எல்லாம் யோசிச்சேன் தங்கச்சி. அந்த மூணு நாளும் ஜெபம் பண்ண முழங்கால் போடுவேன். வாயில ஒண்ணும் வராது.

நாலாவது நாள், சனிக்கிழமை மத்தியானம், நான் அடுப்படியில உள்ளி உரிச்சிட்டு இருக்கேன். அவிய வந்து நிக்காவ. கையில பாட்டில். மூடி திறக்கல. என் முன்னால தரையில உக்காந்தாவ. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாத்தாவ. அதுல ஒட்டியிருந்த தாள்ல விரலை வச்சு, ஒரு இடத்துல ரொம்ப நேரம் நிறுத்தினாவ.

பொறவு கண்ணாடியைக் கழட்டிட்டு என் முகத்தைப் பாத்தாவ. ஒண்ணரை வருசத்துல முதல் தடவை.

"சுகிர்தம், இது நம்ம பட்டறையில இருந்துச்சு. நான் வச்சிருந்த இடத்துலதான் இருந்துச்சு. இது என்னாலதான் வந்தது. என்னை மன்னிச்சிரு"ன்னாவ. "ஊர்ல எல்லாருகிட்டயும் கேட்டுட்டேன். அது சுலபமா இருந்துச்சு. உன்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல. எதைன்னு கேக்க? கையைன்னு கேக்கவா, பிள்ளையோட நிச்சயத்தைன்னு கேக்கவா? உன்னைக் கேக்காம அதை எல்லாம் சபையில வச்சுச் சொன்னேனே, அதைன்னு கேக்கவா? என் பாரத்தை இறக்கி உன் தலையில வச்சிட்டேன்"ன்னாவ. தரையில நெத்தி படக் குனிஞ்சு அழுதாவ.

நான் எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேனோ, அது அன்னைக்கு வந்துச்சு. என் கையில உள்ளித் தோலு.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கொஞ்ச நேரம் பேசாம இருந்தேன். பொறவு, "ஆண்டவர் என்னை மன்னிச்ச மாதிரி நானும் உங்களை மன்னிக்கேன்"னேன். யோசிச்சு வச்ச மாதிரியே, குரல் கூட நடுங்கல. நான் வாங்கி வச்ச பாட்டிலுக்கு அவியளை நான் மன்னிச்சேன்! அவிய எந்திரிச்சுப் போயி புறவாசல்ல வாழை மரத்து மூட்டுல அதைக் கொட்டினாவ. வாடை அடுப்படி வரைக்கும் வந்துச்சு.

அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல.

அதுல இருந்து அஞ்சு மாசமா நான் திருவிருந்து எடுக்கல. பாவத்தை மறைச்சு வச்சிட்டு அதை எடுக்கக் கூடாதுல்லா. முதல் ஞாயிறு வந்தா தலைவலின்னு கடைசிப் பெஞ்சுல உக்காந்துக்கிடுவேன். எல்லாரும் வரிசையாப் போயி அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவாவ. அவியளும் போவாவ, என்னைத் திரும்பிப் பாத்துட்டே போவாவ. நான் பாட்டுப் புத்தகத்தைப் பாத்துட்டு இருப்பேன். டெய்சி அக்கா டாக்டர்ட்ட போகச் சொல்லுதா. இருபத்தாறு வருசமாப் பிள்ளையளுக்கு மனந்திரும்புதலைப் பத்திப் பாடம் எடுத்தவ நான். இப்ப அந்தப் பாடம் வந்தா பாட்டுச் சொல்லிக் குடுத்து ஒப்பேத்துதேன்.

பாட்டில்லயா? என்ன இருந்துச்சுன்னா கேக்கிய, அவிய விரலை வச்ச இடத்துல?

தேதி. பாட்டில்ல அடைச்ச தேதி. அது எனக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தோணுச்சு. சத்துணவுக்கு வார எண்ணெய் பாக்கெட்டுல தேதி பாக்குததே என் வேலை. அன்னைக்கும் ஒரு பாக்கெட்டை எடுத்துத் தேதி பாக்கேன், கை அப்படியே நின்னு போச்சு. அவிய குடியை விட்டு அப்ப ஒண்ணரை வருசம் தாண்டியாச்சு. பாட்டில் புதுசு. அதுக்கு முந்தின மாசத்துத் தேதியா இருந்திருக்கும். அவியளுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும்தான் என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்காவ.

இல்ல, தெரிஞ்சிருக்காதுன்னு நினைச்சுக்கிடுவேன். ஏன்னா தெரிஞ்சிருந்தா என்னால தாங்க முடியாது தங்கச்சி. அதுலயும் அவிய எனக்கு முன்னால போயிட்டாவளா? நான் செஞ்ச தப்புக்குக் கூட முதல்ல மன்னிப்புக் கேட்டது அவியளா? எனக்குன்னு ஒரே ஒரு பாவம் இருந்துச்சு. அதையுமா அவிய எடுத்துக்கிடணும்?

சிரிக்காதிய. நான் அழுதுக்கிட்டுச் சொல்லுதேன்.

என்னைக் கேளுங்கன்னு உங்களை அனுப்பி விட்டிருக்காவ பாத்தியளா. அவிய இல்லாத நேரமாப் பாத்து. இப்பப் புரியுது. எனக்கு வழி விட்டுட்டுப் போயிருக்காவ.

கேட்டியளா, அவிய வண்டிச் சத்தம். எந்திரிக்காதிய. நீங்க இருங்க. நீங்க எந்திரிச்சுப் போனா எனக்கு வாய் அடைச்சிரும். பேனாவா? உங்க இஷ்டம். எழுதுங்க, எழுதாம போங்க.

ஏங்க, உள்ள வாங்க. செருப்பு கிடக்கட்டும். ரத்த வாந்தி எடுத்த அந்த மனுசனுக்கு எப்படி இருக்கு? சரி. உக்காருங்க. இல்ல, நாற்காலியில உக்காருங்க, தரையில உக்காராதிய. தரையில நான் உக்காரணும்.

நீங்க பேசாதிய. ரெண்டு வருசமா நீங்கதானே பேசுதிய. இன்னைக்கு ஒரு நாளாவது என்னைப் பேச விடுங்க. அந்தப் பாட்டிலை வாங்கி வச்சது நான். தூத்துக்குடிக்குப் போயி வாங்கினேன். நீங்க விழணும்னு நினைச்சுத்தான் வச்சேன். சோதிக்க இல்ல. விழணும்னுதான்.

எதுக்கு நீங்க அழுதிய? அழாதிய. நான் இன்னும் சொல்லி முடிக்கல. கொஞ்சம் பொறுங்க. இந்த ஒரு தடவை முதல்ல நான் அழுதுக்கிடுதேன்.